எங்கள் பெயரை முழுசாக எழுதித் தாருங்கள்: அயலகத் தமிழர் நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வாரியத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும், பிறப்பு இறப்புப் பதிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், பள்ளிச் சான்றிதழ்களை அச்சிட்டுக் கொடுக்கும் கல்வித்துறைக்கும் வணக்கம்.

நான் நெல்லைப் பக்கத்துக்காரன். ஒன்பது வருஷமாக ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் வேலை பார்க்கிறேன். 2023 பிப்ரவரியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். இந்த ஊர்ப் பதிவு அலுவலகத்திலிருந்து தபாலில் வந்த தாளில் அவள் பெயர், பிறந்த தேதி, நேரம் எல்லாம் சரியாக இருந்தது, என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஜெர்மன் மொழியில் 'அடையாளம் நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு சின்னக் குறிப்பு. மனைவி பெயருக்குப் பக்கத்திலும் அதே குறிப்பு. என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, வசிப்பு அனுமதி அட்டை இருக்கிறது, மாதம் தவறாமல் வரி கட்டுகிறேன், அந்த வரிக்காக இந்த அரசாங்கமே 11 இலக்கத்தில் எனக்கு ஒரு எண்ணும் கொடுத்திருக்கிறது. அப்படியும் என் பிள்ளையின் பிறப்புத் தாளில் நான் யாரென்று தெரியாத ஆள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குக் காரணம் என் பர்த் சர்டிபிகேட். நான் 1986இல் பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து நகராட்சிக்குத் தகவல் போனபோது எனக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. நம் ஊரில் பிறந்த மறுநாளே யார் பெயர் வைக்கிறார்கள், பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோதானே. அப்புறம் பெயர் வைத்த பிறகு நகராட்சிக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வர வேண்டும் என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் என் சர்டிபிகேட்டில் ஆண் என்று இருக்கிறது, தேதி இருக்கிறது, அப்பா பெயர் ஓர் எழுத்து இனிஷியலோடு இருக்கிறது, என் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. 36 வயது வரைக்கும் அதை யாரும் கேட்கவில்லை. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் கேட்டது தேதி மட்டும்தான். பாஸ்போர்ட் எடுத்தபோது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போதும் என்றார்கள், 1989 ஜனவரி 26க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அன்று அப்படித்தான் விதி.

ஜெர்மனியில் அது போதாது. இங்கே குழந்தையின் பிறப்பைப் பதிய அப்பா அம்மா இருவருடைய பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் வேண்டும். நான் கொண்டுபோன தாள்களைப் பதிவு அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா மேசையில் வரிசையாக வைத்தார். பிறப்புத் தாளில் எனக்குப் பெயரே இல்லை. மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து இனிஷியலும் என் பெயரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட அனுமதி கிடையாது, விரித்துத்தான் எழுத வேண்டும், அதனால் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. திருமணச் சான்றிதழில் பழையபடி இனிஷியல். என் மனைவிக்கு இன்னும் சிக்கல், பள்ளிச் சான்றிதழில் அவள் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் என் பெயர். அந்த அம்மா கோபப்படவே இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார்: "இதில் எது நீங்கள்?" எல்லாமே நான்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லும் ஒரு அரசாங்கத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

எழுத்துக்கூட்டல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் பார்ப்பார்கள். 'லட்சுமி' என்ற பெயர் ஒரு தாளில் எக்ஸ் போட்டு வரும், இன்னொன்றில் கே, எஸ், ஹெச் போட்டு வரும். 'த'வுக்கு ஒரு ஆபீஸில் டி மட்டும், இன்னொரு ஆபீஸில் டி, ஹெச். 'ழ' வந்துவிட்டால் இசட், ஹெச் போடுவதா, எல் என்ற எழுத்தைப் போடுவதா என்பது அன்றைக்கு டைப் அடித்தவரைப் பொறுத்தது. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பெயர். தமிழ் தெரியாத ஒரு பதிவாளருக்கு அவை மூன்று பெயர்கள், மூன்று ஆட்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம் தாள் வெளிநாட்டில் செல்ல, அது உண்மையான அரசாங்கத் தாள்தான் என்று காட்டும் அப்போஸ்டில் முத்திரை குத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த முத்திரையை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது. ஆனால் ஜெர்மனி அப்போதே ஆட்சேபம் தெரிவித்துவிட்டதால் நம் அப்போஸ்டில் இங்கே செல்லாது. அதற்குப் பதிலாக, சந்தேகம் வந்தால் தாள்களை இந்தியாவிலேயே விசாரித்துச் சரிபார்க்கச் சொல்வார்கள், செலவு நம்முடையது. என் விஷயத்தில் ஒருவர் நகராட்சிப் பதிவேட்டைப் பார்த்தார், நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார், எங்கள் தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டில் "இவர் இந்த வீட்டுப் பிள்ளைதானா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பதறிப்போய் போன் பண்ணினாள். "என்னய்யா, அங்க ஏதும் பிரச்சினையா, யாரோ வந்து உன்னப் பத்தி விசாரிச்சிட்டுப் போறாவ." எழுபது வயதில் அவளுக்கு இந்தக் கலக்கம் எதற்கு?

இதற்கிடையில் ஓர் அலைச்சல். குழந்தைக்கு வசிப்பு அனுமதி பிறந்த ஆறு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில்தான் அந்தக் குறிப்பு இருக்கிறது, எந்த ஜன்னலில் நீட்டினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான், ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு ரயிலில் போய், அரைகுறை ஜெர்மனில் என் அப்பா பெயர் ஏன் என் குடும்பப் பெயர் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஊரில் அண்ணன் நகராட்சிக்குப் போய் என் பெயரைச் சேர்க்கக் கேட்டார். 15 வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, பதிவான முதல் ஒரு வருஷம் இலவசம், அப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம், அதற்கும் மேலே என்றால் அரசாங்கம் அவ்வப்போது அவகாசம் நீட்டித்தால்தான் உண்டு. எனக்கு நல்லகாலம், ஒரு அவகாசம் நடப்பில் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, சரியான ஆபீஸில், சரியான ஆளிடம் கொடுப்பதற்குள் அண்ணன் பதினோரு தடவை போய்வந்தார்.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கொடுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. இதைப் படிக்கும் சிலருக்கு அந்த யோசனை வரும், இங்கேயும் நண்பர்கள் சொல்கிறார்கள், பேசாமல் எல்லாரும் ஒரு சர்நேம் வைத்துக்கொண்டால் என்ன என்று. சர்நேம் என்று கிளறினால் நம் ஊரில் கடைசியில் என்ன வந்து நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். என் தாத்தா பெயருக்குப் பின்னால் அது இருந்தது. அப்பா பெயரில் இல்லை, என் பெயரில் இல்லை. அந்த வெற்றிடம் எனக்கு வேண்டும், என் மகளுக்கும் அதைத்தான் கொடுக்க நினைக்கிறேன். ஒரு பதிவாளரின் வசதிக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் உலகத்தில் நாம் மட்டும் கிடையாது. ஐஸ்லாந்துக்காரர்கள் நம்மைப் போலத்தான், பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சேர்த்து மகன், மகள் என்று போடுவார்கள், அவர்களுடைய டெலிபோன் டைரக்டரியே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்ணோவுக்கு அந்த ஒரே பெயர்தான். இதைவிட நமக்குப் பக்கத்து உதாரணம் மலேசியா. அங்கே தமிழர்களின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'அனாக் லெலாக்கி', பெண்ணாக இருந்தால் 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கத்தைப் போட்டு, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதுகிறார்கள். இன்னொரு நாட்டு அரசாங்கம் நம் பெயர் முறையை அப்படியே புரிந்து எழுதி வைத்திருக்கிறது. நம் சொந்த மாநிலத்தின் தாள்களில் அப்பா பெயர் ஓர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. 2021 டிசம்பரில் இனிஷியலையும் தமிழில் எழுத வேண்டும் என்று அரசு ஆணை வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், உண்மையிலேயே நல்ல ஆணை. ஆனால் தமிழில் எழுதினாலும் அது ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்து எந்தப் பெயருக்கு நிற்கிறது என்று அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. பிறப்புச் சான்றிதழிலிருந்து கல்லூரிப் பட்டம் வரைக்கும் ஒருவரின் பெயரும் அப்பா அம்மா பெயரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இனிஷியல் விரித்து, முதல் தாளில் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை என்று மத்திய சட்டமே திருத்தப்பட்டுவிட்டது, ஆகவே அந்த முதல் தாளில் பிழை வந்தால் ஆயுசுக்கும் கூட வரும். பெயர் சேர்க்கும் வாய்ப்பை அவகாசம் அவகாசமாகத் தராமல் நிரந்தரமாகத் திறந்து வையுங்கள். அப்புறம், 'இந்த மூன்று தாளிலும் இருப்பவர் ஒரே ஆள்தான்' என்று விசாரித்துச் சொல்லும் ஒரு சான்றிதழை, நோட்டரியிடம் எழுதி வாங்கும் பிரமாணப் பத்திரமாக இல்லாமல், வருவாய்த்துறை அதிகாரி கையெழுத்தோடு, இணையத்தில் எண்ணைப் போட்டால் சரிபார்க்கக்கூடிய மாதிரி கொடுங்கள்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இன்னொன்று. தமிழ்ப் பெயர்கள் எப்படி அமைகின்றன, இனிஷியல் என்றால் என்ன, கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் இனிஷியல் ஏன் சிலருக்கு மாறுகிறது, சிலருக்கு மாறுவதில்லை என்பதை இரண்டு பக்கத்தில் விளக்கி, அரசு முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன், அரபி, பிரெஞ்சு என்று நம் ஆட்கள் இருக்கும் நாடுகளின் மொழிகளில் வாரியத்தின் தளத்தில் அதை வையுங்கள், அச்சடித்து எடுத்துக்கொண்டு போகிறோம். அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் கேட்டது அதைத்தான். அவர் நம்பத் தயாராக இருந்தார், கோப்பில் வைக்க அவருக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது.

என் நிலைமையாவது பரவாயில்லை, நாற்காலி வேலை, லீவு கிடைக்கும், மின்னஞ்சல் எழுதத் தெரியும். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பயணிகளை விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று திடீரென்று அறிவித்தது. சில நாளில், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். அந்தச் சில நாளுக்குள் டிக்கெட் போட்டு வைத்திருந்த எத்தனை பேர் தவித்திருப்பார்கள்? அமெரிக்க விசாவில் முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தை அச்சடித்துவிடுவார்கள், அப்புறம் வங்கி, ஓட்டுநர் உரிமம், வீட்டு வாடகை எங்கே போனாலும் அந்த மூன்றெழுத்தே அவர் பெயராகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் மகளுக்கு ஊர் வழக்கப்படி என் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியலாக வந்திருக்க வேண்டும். இங்கே என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதால் அவளுக்கும் தாத்தா பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. பாலர் பள்ளியில் தபால் வந்தால் என் மனைவியையும் அவள் மாமனார் பெயரைச் சொல்லித்தான் திருமதி என்று அழைக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் உள்ளுக்குள் சந்தோஷம்தான், தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளைக்கு எந்தப் பெயர் போக வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்திருக்க வேண்டும், ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டம் முடிவு செய்துவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து என் பெயருக்குப் பக்கத்திலிருந்த அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார்கள். மனைவியுடையது அப்படியே இருக்கிறது. அவள் வீட்டில் பிறந்தவள், பிரசவம் பார்த்தது ஊர் மருத்துவச்சி, யாரும் பதியவில்லை. தாலுகா ஆபீஸில் பதிவு இல்லை என்று சான்று வாங்கி, கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு, உத்தரவு வாங்கிப் பதிந்தாயிற்று. முப்பது வருஷம் கழித்துப் பதிந்த சான்றிதழ் என்றதும் இங்கே மறுபடியும் விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வருகிற கார்த்திகையில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. இந்த முறை என் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் இருக்காது. பெற்றவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பு வராமல் இருக்க என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மனியிலிருந்து ஒரு நெல்லைக்காரன்