பேத்தியோடு சித்திரைக்கு வா

அன்பு மகளுக்கு,

"திருவிழாக் கூட்டத்தில் அவளை எங்கேம்மா தள்ளிக்கொண்டு போவது? டிவியில் காட்டிவிடுகிறேன்" என்று போனில் சொன்னாய். உங்கப்பா பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் பேசவில்லை.

அழகர் இறங்குகிற அன்றைக்கு வைகை ஆற்றுக்கு அழைத்துப்போக நானும் சொல்ல மாட்டேன். அங்கே நல்லா நடக்கிறவர்களுக்கே கால் தரையில் பாவாது. ஆனால் அழகர் ஆற்றில் மட்டுமா இருக்கிறார்? மலையிலிருந்து இறங்கி, வழியில் அவருக்குப் பூசை செய்கிற பந்தல், மண்டபம் என்று மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நின்றுதானே வருகிறார். மதுரை எல்லையில் ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்கு மூன்றுமாவடி தாண்டி, நம்ம புதூர் வழியாகத்தான் தல்லாகுளம் போகிறார். இங்கேயே மண்டகப்படிக்காரர்களிடம் பேசிவிட்டேன். கயிறு கட்டும்போது முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விடுவார்கள். கூட்டம் நெருக்கினால் வெளியே வரப் பின்பக்கம் ஒரு வழியும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேட்டுச் சத்தமோ தண்ணீர் பீய்ச்சுவதோ திடீரென்று வந்தால் அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும், தெரியும். முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட ஆள் பக்கத்திலேயே இருப்போம்.

வீட்டு வாசலும் இந்த முறை வேறு மாதிரி. பொங்கலுக்கு நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தாளே, அது எனக்கு மறக்கவில்லை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளக் கணக்காம். முன்வாசலில் இரண்டு படி, ஓர் அடி உயரம். பன்னிரண்டு அடிச் சாய்தளத்துக்கு இடம் எங்கே இருக்கிறது, ரோட்டில்தான் போய் நிற்கும். பக்கவாசலில் ஆறு அங்குலப் படி ஒன்றுதான். அங்கே ஆறடிக்குப் பலகை போட்டு, சக்கரம் நழுவாமல் இரண்டு ஓரத்திலும் சட்டம் அடிக்க உங்கப்பா ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. குளியலறைக் கதவைக் கழற்றித் திரை போடப்போகிறோம். உன் பெரியம்மா முகம் சுளிப்பாள். சுளிக்கட்டும்.

ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். பானகத் தம்ளரைப் பிடித்தால் கை நடுங்கிச் சிந்தும், பிறகு அவளே வெட்கப்படுவாள். அதனால் விசிறி கொடுப்பது அவள் வேலை. ஓலை விசிறிக் கட்டைப் பிரித்து மேசையில் அடுக்கி வைத்துவிட்டால், ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். வெயிலில் வருகிறவர்கள் அவள் முன்னால் வந்து கை நீட்டி வாங்கட்டும். அவள் வேறு ஏதாவது செய்கிறேன் என்றால் அதுவும் சரி, முதலில் அவளையே கேள்.

சொந்தக்காரர்கள் "எப்போ சரியாகும், எந்த டாக்டர்" என்று ஆரம்பிப்பார்கள். அவள் காதுபட அந்தப் பேச்சு வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன், நீ யாரிடமும் சண்டைக்கு நிற்காதே. அவளைக் கேட்காமல் நாற்காலியைத் தள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லியாச்சு. சின்னவன் மட்டும் "ஒரு ரவுண்டு நான் உட்காரட்டுமா" என்கிறான். அதை அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேர் மட்டும் வாருங்கள், ரயிலடிக்கு அப்பா வருவார். அப்புறம், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் எவ்வளவு உயரம் என்று அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. முழங்கால் உள்ளே போகிற மாதிரி மேசை பார்க்க வேண்டும், பந்தல்காரர் ஞாயிற்றுக்கிழமை கேட்பார்.

அன்புடன்,
அம்மா