செயலாளரின் ஆண்டறிக்கை: வானம் பார்ப்போர் சங்கம், கொடைக்கானல்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஆகஸ்டில் பெர்சீட் எரிகற்களை மூடுபனி விழுங்கிவிட்டது. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளுக்குப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். டிசம்பரில் ஜெமினிட் எரிகல் மழை நன்றாகத் தெரிந்தது, குளிரும்தான். செயற்குழு விதிப்படி கூடியது.

இனி நான் செய்துகாட்டிய நுண்ணதிர்வு செய்முறை. விண்கலங்களை ஆட்டும் சிறு நடுக்கத்தைத்தான் நுண்ணதிர்வு என்கிறேன். "செயற்கைக்கோள் நடுங்கினால் கொடைக்கானலுக்கு என்ன?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2023 செப்டம்பரில் போன ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது, நம் மலையின் சூரிய ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம். சூரிய வட்டத்தை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான ஒளியைப் பார்க்கும் கருவி அது. குறி இம்மி பிசகினால் மறைத்த வெளிச்சம் உள்ளே வந்துவிடும்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி என்றால் எல்லோரும் கண்ணாடிக் கோளாறைத்தான் சொல்வார்கள். அதன் சூரியத் தகடுகளும் தொல்லை கொடுத்தவைதான். பூமியின் நிழலுக்குள் போய்வரும்போதெல்லாம் வெப்பம் மாறி, தகடுகள் நெளிந்து தொலைநோக்கியையே ஆட்டின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் அவற்றை மாற்றினார்கள். பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கும் இதே பாடுதான்: 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கேமரா ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு அசைந்தாலே, தரையில் குறி சுமார் 2.4 மீட்டர் தள்ளிப்போகும்.

பெரும்பாலான நடுக்கம் கலத்துக்கு உள்ளேயே பிறக்கிறது. கலத்தைத் திருப்பும் ரியாக்‌ஷன் வீல், உணர்கருவியைக் குளிர்விக்கும் கிரையோகூலர் இரண்டும்தான் பெரிய குற்றவாளிகள். துணியெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிய வாஷிங் மெஷினைப் போல, எடை சமமாக இல்லாத சக்கரம் உதறும். வேகம் இரண்டு மடங்கானால் உதறல் நான்கு மடங்கு. நட்சத்திரங்களின் இடத்தை அளக்க 2013இல் போன கையா விண்கலத்தில், நடுக்கம் வராமலிருக்க ஆன்டெனாவைத் திருப்ப மோட்டாரே வைக்கவில்லை. ரேடியோ அலை போகும் திசையை மின்னணு முறையில் மாற்றினார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் குளிரூட்டியின் கம்ப்ரஸரைத் தொலைநோக்கியை விட்டுத் தள்ளிவைத்தார்கள்.

இதைத்தான் பலகை, சிறு மோட்டார், கண்ணாடித் துண்டு, லேசர் வைத்துக் காட்டினேன். மோட்டார்ச் சக்கரத்தில் ஒரு பக்கம் களிமண் ஒட்டியதும் சுவரில் இருந்த புள்ளி கோடாக நீண்டது. மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்னைவிட மோசமாக ஆடியது. வேகம் இன்னும் கூடியதும் அடங்கியது. ரப்பர்மேல் இருப்பதைத் தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு; அதுதான் இயல்பான அதிர்வெண். மோட்டாரின் அதிர்வு அதைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் தடுக்கத் தொடங்கும். அந்த அதிர்வெண்ணிலேயே மாட்டினால் அதுவே ஆட்டிவைக்கும்.

அந்தச் செய்முறைக்கு வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். வராதவர்கள் சொன்ன சீசன், அறை வாடகை, கல்யாணம், எல்லாம் சரி. மூஞ்சிக்கல்லிலிருந்து நடந்தே வரலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். மோட்டாரை நிறுத்திய பிறகும் புள்ளி துடித்தது. காரணம், ஒரு மூத்த உறுப்பினர் போன் பேசிக்கொண்டே இந்த மரத்தரையில் உலாவியது. சனி வளையம் நம் தொலைநோக்கியில் ஆடுவதும் இதனால்தான். "பழைய கருவி, பெரிதாக வாங்குவோம்" என்று சொல்லி வருபவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்: பெரிய கருவி வாங்கினால் ஆட்டமும் பெரிதாகத் தெரியும். ஆய்வகங்களில் தொலைநோக்கித் தூணைத் தரையோடு ஒட்டவிடாமல் தனி அஸ்திவாரத்தில் எழுப்புவார்கள். நமக்கும் அப்படி ஒரு சிமென்ட் தூண் வேண்டும். மற்றது பிறகு.

வரவு செலவு ஏறக்குறைய சமம்; விவரம் பொருளாளர் சொல்வார். மோட்டார் வகையறா 'இதர' செலவில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி என் கைப்பணம். திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

இடம் தந்தவர், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் தந்தவர் அனைவருக்கும் நன்றி.

தூணுக்குக் கொத்தனார் ஒரு தொகை சொல்லியிருக்கிறார். நிலுவைச் சந்தா வந்தாலே கம்பியும் சிமென்டும் வாங்கிவிடலாம். அடுத்த ஆண்டுக்கு வேறு யாராவது செயலாளராக வந்தால் சாவியைக் கொடுக்க நான் தயார். தூண் வேலை பாதியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நிலுவைப் பட்டியலை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியலும் ரசீதுப் புத்தகமும் பொருளாளரிடம் இருக்கின்றன. தேநீர் முடியும்வரை அவர் வாசல் பக்க மேசையில்தான் இருப்பார்.