கதைக்கு அடியில் ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில், நம் மலேசிய எழுத்தாளர்களின் சமகாலச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு வந்திருந்த மதிப்புரையைப் படித்தேன். மதிப்புரையாளர் பாராட்டிய கதைகளை நானும் பாராட்டுகிறேன். அவர் பேசாமல் விட்ட இரண்டு கதைகளையும் சேர்த்தே பாராட்டுவேன். ஆனால் அந்த நூலில் உள்ள ஒரு குறை அவர் கண்ணில் படவில்லை. தொகுப்பாளருக்கு அது குறையாகவே தோன்றவில்லை என்று முன்னுரை சொல்கிறது. 22 கதைகளில் ஒன்றுக்குக்கூட, அது எந்த ஆண்டு எழுதப்பட்டது, முதலில் எந்த இதழில் வந்தது என்ற குறிப்பு கிடையாது.

இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவன். 1969இல் பத்தொன்பது வயதில் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை தேதி போடாத ஒரு தாளில் கையெழுத்திட்டதில்லை. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். கடைத்தெருவில் நண்பர் ஒருவருக்குத் தையற்கடை இருக்கிறது. ஞாயிறு மாலை கடை அடைத்த பிறகு உள்ளே நாற்காலிகளைப் போட்டு ஏழெட்டுப் பேர் உட்காருவோம். நான் வாசிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் புரை. அதனால் புத்தகம் ஒன்று வாங்கினால் போதும், செலவு மிச்சம். இந்தத் தொகுப்பையும் ஈப்போவில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிவந்து வாரத்துக்கு இரண்டு கதையாக வாசித்து முடித்தோம்.

நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு கதையில் காலையில் கணவனோடு சண்டை போடுகிறாள் ஒரு பெண். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு உளியை எடுத்துக்கொண்டு மரம் வெட்ட (ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்க) போகிறாள். கண்ணீரும் பாலும் ஒன்றாக வடிந்து மங்கு (பால் வடியும் கிண்ணம்) நிறைகிறது. நடை நன்றாகத்தான் இருந்தது. நானும் குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டு வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் கையைத் தூக்கினார். முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்றாலும் பழைய பழக்கத்தில் என்னை ஐயா என்றுதான் அழைப்பார்.

“நிறுத்துங்கள் ஐயா. பத்து மணிக்கு வெட்டினால் மங்கு நிறையுமா? மங்கின் அடி நனையும்.”

அவர் சொன்னது சரி. விடிவதற்கு முன் குளிர்ந்த வேளையில்தான் பட்டைக்குள் பால் முட்டிக்கொண்டு நிற்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும், வடிவது குறைந்துவிடும். இருட்டில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஆள் நிற்க வைத்தது அதற்காகத்தான். பத்து மணிக்கெல்லாம் அவரவர் நிரையில் (மர வரிசையில்) பாலெடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

பெரியம்மா அதோடு விடவில்லை. “எப்போது எழுதியது இது?” என்று கேட்டார். நான் கதையின் அடியில் பார்த்தேன், இல்லை. பொருளடக்கத்தில் பார்த்தேன், இல்லை. நூலின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருந்தது. அதில் அவர் வாங்கிய பரிசுகளெல்லாம் வரிசையாக இருந்தன. அவர் எப்போது பிறந்தார், கதையை எப்போது எழுதினார் என்பது மட்டும் இல்லை.

பெரியம்மாவின் கேள்வியில் பெரிய விஷயம் இருக்கிறது. கித்தா (ரப்பர்) காட்டிலேயே வளர்ந்த ஒருவர் 1965இல் இப்படி எழுதியிருந்தால் அது கவனக்குறைவு, அவரைக் கேள்வி கேட்கலாம். தோட்டத்தை விட்டுக் குடும்பம் வெளியேறிய பிறகு பிறந்து, பாட்டி சொல்லக் கேட்டு 2015இல் ஒருவர் எழுதியிருந்தால் அந்தத் தவறே வேறொரு செய்தியைச் சொல்கிறது. தோட்டம் எவ்வளவு தூரம் போய்விட்டது, பேரப்பிள்ளைகளின் மனத்தில் அது எப்படி மங்கிக் கிடக்கிறது என்று தெரிகிறது. பார்த்து எழுதியதா, கேட்டு எழுதியதா என்று தெரியாமல் நான் எந்தக் கதையை வாசித்தேன் என்று சொல்வது?

இன்னொரு கதை. மகன் காவலாளி வேலையில் சேர்ந்து முதல் மாதச் சம்பளமாக 900 வெள்ளி கொண்டுவருகிறான். அம்மா அதை வாங்கிச் சாமி படத்தின் முன் வைக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் (தையற்காரரின் மகன், கிள்ளானில் வேலை செய்கிறார்) கொதித்துப்போனார். முதலாளி ஏமாற்றுகிறான், அது கூடத் தெரியாமல் இந்தத் தாய் கற்பூரம் காட்டுகிறாளே என்றார். யோசித்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் முதன்முதலாக 2013இல் வந்தபோது அது 900 வெள்ளிதான். 2022இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. கதை 2013இல் நடந்தால், சட்டம் கொடுத்ததைக் கையில் வாங்கிய ஒரு வீட்டின் மகிழ்ச்சி அது. 2025இல் நடந்தால் முதலாளி அப்பட்டமான திருடன், அந்தக் கற்பூரம் நெஞ்சைச் சுடும். ஒரே கதைதான், ஒரு சொல்கூட மாறவில்லை. எதை வாசித்தோம் என்று தீர்மானிக்க நான்கு இலக்கம் தேவைப்பட்டது, அது அச்சிடப்படவில்லை.

எங்கள் ஊருக்கே உரிய கதை ஒன்றும் தொகுப்பில் இருக்கிறது. ஊர்ப் பெயர் சொல்லாவிட்டாலும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. கதையில் ஒரு பெண் தோட்டத்து வேலியைத் தாண்டும்போது மடியில் ஒரு பிடி சோறு வைத்திருக்கிறாள், காவலரைக் கண்டு நடுங்குகிறாள். நாங்கள் கேட்டவுடன் புரிந்துகொண்டோம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு வைத்து, வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதையே தடுத்த காலம் அது. அதே இளைஞர், “சோற்றுக்கு எதற்கு அண்ணன் பயம்?” என்று என்னிடம் கேட்டார். (எழுபத்தைந்து வயதுக்காரனை அண்ணன் என்றதை நான் திருத்தவில்லை.)

வேடிக்கை என்னவென்றால் நூலின் இறுதியில் ஒரு சொல்விளக்கப் பட்டியல் இருக்கிறது. நாசி லெமாக் என்றால் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, தாமான் என்றால் குடியிருப்பு. இதெல்லாம் தமிழ்நாட்டு வாசகருக்காக என்று தெரிகிறது, நல்லதுதான். பெரட்டு, நிரை, ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்), ஆயாக் கொட்டகை (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆகியவற்றுக்கு விளக்கம் இல்லை. இங்கே இருபது வயதில் இருப்பவர்களுக்கு அவை தெரியும் என்று தொகுப்பாளர் நம்புகிறார் போலும். நாசி லெமாக் என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கிராணிகளைப் பற்றியும் ஒரு சொல். தொகுப்பில் மூன்று கிராணிகள் வருகிறார்கள். இருவர் பாலின் நிறுவையில் ஏமாற்றுகிறார்கள். மூன்றாமவர் நல்லவர், ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே இறந்துவிடுகிறார். ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. வாளியில் தண்ணீர் கலந்தவர்களும் இருந்தார்கள், மெட்ரோலக்கை (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) பாலில் விட்டுப் பார்த்த எங்களுக்குத்தான் அது தெரியும். அந்தக் கதையை எழுத ஆளில்லை. சரி, இது என் சொந்த வழக்கு, விட்டுவிடுகிறேன்.

தொகுப்பிலேயே மிகச் சிறந்ததென்று நான் நினைக்கும் கதைக்கு ஆண்டு தேவையே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கித்தாவைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டுவிட்ட தோட்டத்துக்கு ஒரு பெண் பல வருடங்கள் கழித்துப் போகிறாள். பழைய ஆயாக் கொட்டகையில் இப்போது குலை வெட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். மேலே உத்திரத்தில் தூளிக் கயிறுகள் தேய்த்த தடங்களை அவள் காட்டுகிறாள். மொழி தெரியாத அந்த மனிதர் அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் செல்பேசியைத் திறந்து ஒரு குழந்தையின் படத்தைக் காட்டுகிறார். அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்ததும் தையற்கடையில் யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும், “தடம் இருக்கும். எங்கள் கொட்டகையிலும் இருந்தது” என்றார்.

தொகுப்பாளரின் முன்னுரையில், நல்ல கதை காலத்தைக் கடந்தது, அதனால் ஆண்டுகளைத் தவிர்த்தோம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. கடக்கட்டும். அதற்காகக் கிளம்பிய நாளை ஏன் அழிக்க வேண்டும்? சாமான் கடைக் கடன் நோட்டில் கால் கிலோ சீனிக்கே தேதி போட்டுத்தான் கொடுத்தோம்.

தேடுவது சிரமம் என்பதும் எனக்குத் தெரியும். நம் கதைகள் பெரும்பாலும் ஞாயிறு பதிப்புகளில் பிறந்தவை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. 1950களின் தொடக்கத்தில் கதை வகுப்பு நடத்தி எழுத்தாளர்களை உருவாக்கிய நாளிதழ் அது. இன்று எத்தனை பேர் வீட்டில் அதன் பழைய தாள்கள் இருக்கும்? எழுதியவர்களிடமே தேதி கேட்டால் சிலருக்கு மறந்திருக்கும். பரவாயில்லை, தெரிந்தவற்றுக்குப் போட்டுவிட்டு மற்றவற்றுக்குத் தெரியவில்லை என்று அச்சிடலாமே. எங்கள் ஸ்டோர் கணக்கில் அப்படி எழுத ஒரு தனிப் பத்தியே இருந்தது.

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கதை நறுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் இதழ், தேதி எல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தொகுப்பில் உள்ள கதைகளில் ஐந்தின் முதல் வடிவம் அதில் அகப்பட்டது. அதில் ஒன்று நூலில் சற்று மாறியிருக்கிறது. நறுக்கில் பசார் என்று இருந்தது நூலில் சந்தை ஆகியிருக்கிறது, கடைசிப் பத்தி முழுவதும் காணோம். மாற்றியது எழுதியவரா தொகுத்தவரா என்பது எனக்குத் தெரியாது. நான்கு கதைகளின் விவரத்தை இக்கடிதத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தொகுப்பாளரிடம் சேர்த்துவிட்டால் அடுத்த பதிப்பில் அவருக்கு உதவும். நூல் விற்று அடுத்த பதிப்பு வர வேண்டும் என்பதும் என் விருப்பமே.

ஐந்தாவது, அந்தச் சோற்றுக் கதை. நறுக்கின் ஓரத்தைச் செல் அரித்துவிட்டது. “ஞாயிறு” என்பதும் அதற்குப் பின் “19” என்பதும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உங்கள் வாசகர்கள் யாரிடமாவது அந்த இதழின் முழுத்தாள் இருந்தால் மீதி இரண்டு இலக்கத்தைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேரா.