ஒருநாள் ஒப்பந்தமும் ஓர் ஊரின் அன்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டு வீரர்கள் விடைபெறும் முறை குறித்துப் பேசும்போதெல்லாம், கனடாவின் ஒட்டாவா நகரம் 2014 டிசம்பர் 4 அன்று ஐஸ் ஹாக்கி வீரர் டேனியல் ஆல்ஃப்ரெட்சனை வழியனுப்பிய விதமே என் நினைவுக்கு வருகிறது.

அவர் பிறந்தது சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் என்றாலும், வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1994 வீரர் தேர்வில் 133ஆவது ஆளாக, அதிக எதிர்பார்ப்பின்றி எடுக்கப்பட்டு, பின்னர் இந்நகரின் செனட்டர்ஸ் அணிக்காக 17 பருவங்கள் ஆடி, 1999 முதல் 2013 வரை அதன் தலைவராகவும் இருந்ததால், 'ஆல்ஃபி' என்ற செல்லப்பெயருடன் ஒட்டாவாவின் பிள்ளையாகவே ஆகிவிட்டார். ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் கடிகாரம் 11:11ஐக் காட்டியதும், அவருடைய 11ஆம் எண்ணை நினைத்து அரங்கமே அவர் பெயரை முழங்கியதுண்டு.

2013இல் ஒப்பந்தப் பேச்சில் எழுந்த மனக்கசப்பால் அவர் டெட்ராய்ட் அணிக்குச் சென்றபோது இங்கே பலர் மனம் உடைந்தனர், கோபித்தவர்களும் உண்டு. எனினும் ஓய்வுபெறும் வேளையில் நிர்வாகம் பழையதைப் பேசிக்கொண்டிராமல், ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் செய்து, பழைய சீருடையிலேயே அவரை முன்பயிற்சிக்கு இறக்கியது. அன்று அவர் ஆட்டத்தில் பங்கேற்கவில்லை. பனித்தளத்தில் சறுக்கிச் சென்றதைக் காணவே மக்கள் எழுந்து நின்றனர். ஊதியக் கணக்கில் பிரிந்தவரை ஒருநாள் ஒப்பந்தத்தால் மீட்டது, என் பார்வையில், அந்நிர்வாகம் செய்த மிகச் சிறந்த செலவு.

அவருடைய எண்ணை அந்த அணியில் இனி வேறு யாரும் அணியாதபடி, அதற்கு 2016 டிசம்பர் 29 அன்று நிரந்தர ஓய்வு அளிக்கப்பட்டது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஒட்டாவா