இலுப்பை மரத்து வௌவால்கள்

அன்புள்ள பாலு,

நாங்கள் நலம். இந்த முறை கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன்னை விசாரித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கொல்லையில் நிற்கும் இலுப்பையை வெட்ட உன் அண்ணன் ஆள் பேசிவிட்டார். அதில் அடையும் வௌவாலால் கொரோனா வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். நீயும் போனில், வெட்டிவிடுவதே நல்லதோ என்று இழுத்தாய். போனில் பாதிதான் சொல்ல முடியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

கொரோனா ஒரே கிருமி இல்லை, பெரிய குடும்பம். கால்நடைத் துறையில் இருந்த காலத்திலேயே எனக்குப் பழக்கம். பிறந்து சில நாளே ஆன கன்று தண்ணீராகக் கழிந்து, கண் குழி விழுந்து, தலையைத் தூக்க முடியாமல் கிடக்குமே, அதற்குக் காரணமான கிருமிகளில் மாட்டுக் கொரோனாவும் ஒன்று. நமக்கு வரும் சாதாரண சளியிலும் நான்கு வகைக் கொரோனா உண்டு. அவற்றில் ஓசி43 என்பது இந்த மாட்டுக் கிருமிக்கு நெருங்கிய சொந்தம், 1890 வாக்கில் மாட்டிலிருந்து மனிதனுக்கு வந்திருக்கலாம் என்று மரபணுவை ஒப்பிட்டவர்கள் கணிக்கிறார்கள்.

ஆனால் தாவுவது அவ்வளவு லேசு இல்லை. கிருமியின் மேலிருக்கும் முள் மாதிரியான புரதம் நம் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைச் சரியாகப் பிடித்தால்தான் உள்ளே நுழைய முடியும். சார்ஸ் என்ற கடும் சுவாச நோயின் கிருமியும் கோவிட் கிருமியும் பிடிப்பது ஏசிஇ2 என்ற புரதத்தை. அந்தப் பிடிமானம் வர, கிருமி பெருகும்போது ஏற்படும் பிழைகள் உதவும், அல்லது ஒரே உடம்பில் இரண்டு வகைக் கொரோனா சேர்ந்து, இரண்டு ரக நெல்லை ஒரே களத்தில் அடித்தால் விதை கலந்துபோவது போல, மரபணு கலந்துபோக வேண்டும். இதற்கெல்லாம் விலங்குகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடம்தான் தோது.

2002 கடைசியில் சீனாவின் குவாங்டோங்கில் கிளம்பிய சார்ஸைப் பார். மூலம் குதிரைலாட வௌவால். நடுவில் வந்தது மரநாய், நம் தென்னந்தோப்புக்கு வருகிற மரநாய்க்குச் சொந்தமான இன்னொரு வகை. அப்புறம் பரிசோதித்தபோது பண்ணை மரநாய்களில் தொற்று குறைவு, சந்தைக் கூண்டுகளில் இருந்தவற்றில்தான் ஏராளம். அதாவது பல காட்டு விலங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்திலேயே அறுத்து விற்ற இடத்தில்தான் கிருமி பெருகியது. என்னைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கூண்டைத்தான். 2012-ல் சவுதியில் தெரியவந்த மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா நோய் ஒட்டகத்திலிருந்து வருகிறது, அங்கேயும் கூடவே புழங்குகிறவர்களுக்குத்தான் முதலில் ஆபத்து. கோவிட் எந்த வழியாக வந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை, அதன் நெருங்கிய சொந்தங்களை மட்டும் சீனாவின் யுன்னானிலும் லாவோஸிலும் குதிரைலாட வௌவால்களில் கண்டிருக்கிறார்கள்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. 2021-ல் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கோவிட் வந்து இரண்டு செத்தன, ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் இலுப்பையில் தொங்குவது பழந்தின்னி வௌவால், அந்தக் குதிரைலாட வகை இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், தமிழ்நாடு, கேரளம் உட்பட நான்கு இடங்களில் பிடித்த பழந்தின்னிகளில் கொரோனா வகை ஒன்று இருப்பதை 2020-ல் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. ஆனால் அது கோவிட் கிருமி இல்லை. மரத்தை வெட்டினால் அவை எங்கே போகும்? கலைந்து, மிரண்டு, வீட்டோரத்து மாமரத்துக்கும் கொய்யாவுக்கும்தான் வரும், இப்போது எட்டி இருப்பது அப்போது தலைக்கு மேலே தொங்கும். இரவில் இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் கொட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதும் பெரிதும் இவைதானடா.

ஜாக்கிரதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வௌவால் கடித்துப்போட்ட பழத்தைப் பிள்ளைகள் தின்னக் கூடாது (கேரளத்து நிபா வேறு குடும்பம், ஆனாலும் பயப்பட வேண்டியது), கீழே விழுந்து கிடக்கும் குட்டியை வெறுங்கையால் எடுக்கக் கூடாது, மரத்தடியில் மாட்டைக் கட்டித் தீவனம் போடவும் வேண்டாம், தொழுவத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்.

நான் சொன்னால் அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், அவ்வளவுதான். நீ பேசினால் கேட்பார். வெட்டும் ஆள் வியாழக்கிழமை வருகிறான், அதற்குள் பேசிவிடு.

அன்புடன்,
குமார்
குத்தாலம்