ஜி-9 வேண்டாம் ஐயா, மலைவாழைக் கன்று கொடுங்கள்

மலைத் தோட்டப் பயிர்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊருக்கு மானியக் கன்று வண்டி வந்தது. எங்கள் மலைவாழை ரகமான விருப்பாச்சிக் கன்று கேட்டு மனுக் கொடுத்தவர்களுக்கு ஜி-9 என்கிற கிராண்ட் நைன் ரகக் கன்றை இறக்கினார்கள். கேட்டால், "இதுவும் வாழைதானே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்றார்கள். வாழைதான். ஆனால் அது சொட்டுநீரும் உரமும் கொடுத்துச் சமவெளியில் வளர்க்கிற வாழை. மழையை மட்டும் நம்பி, காப்பிச் செடிக்கு நிழலாகச் சரிவில் நிற்கிற மரத்துக்கு அது எப்படி மாற்றாகும்?

எழுபதுகளில் முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய் கீழ்ப்பழனி மலை வாழைத் தோட்டங்களை எப்படி அழித்தது என்பது உங்களுக்குத் தெரியும். இன்று நாங்கள் படும் பாட்டை மட்டும் சொல்கிறேன். இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகக் கூடிவிட்டால் அந்த மரம் உருப்படியாகத் தார் போடாது. மருந்தும் கிடையாது. அசுவினிப் பூச்சி அடுத்த மரத்துக்கு நோயைக் கொண்டு போவதற்குள் பூச்சியைக் கொன்று, தாய்மரம், பக்கக்கன்று, கிழங்கு எல்லாவற்றையும் தோண்டி அழிக்க வேண்டும். சரி, அழித்தோம். கூலியும் எங்கள் கைக்காசு. அந்த இடத்தில் எதை நடுவது? பக்கத்துத் தோட்டத்தில் கன்று வாங்கினால், பார்வைக்குத் தளதளவென்று இருப்பதிலும் நோய் ஒளிந்திருக்கும். நட்டுக் களையெடுத்து வளர்த்த பிறகுதான் தெரியும், மறுபடி தோண்டவேண்டியதுதான். தனியாரிடம் திசு வளர்ப்புக் கன்று (தாய்மரத்துத் திசுவை ஆய்வகத்தில் பெருக்கி எடுப்பது) கேட்டால், வைரஸ் சோதனைச் சான்றா என்று சிரிக்கிறார்கள். சோதிக்காத தாயிலிருந்து எடுத்த திசு நோயையும் சேர்த்துத்தான் பெருக்கும். அதனால் வாழை நின்ற இடத்தில் சௌசௌப் பந்தல் போடுகிறார்கள்.

நாங்கள் கேட்பது வைரஸ் சோதனை செய்த விருப்பாச்சிக் கன்று, அவ்வளவுதான்.

விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழைகளுக்கும் 2008-09இல் புவிசார் குறியீடு வந்தது, 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் வந்தது. மகிழ்ச்சி. ஆனால் சந்தையில் கீழ்நாட்டுப் பழத்தை மலைப்பழம் என்று கூவி விற்பதை அந்தக் குறியீடு தடுக்கவில்லை. எங்கள் மலைப்பழத்தில் ஈரப்பதம் குறைவு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெட்டியாகத்தான் இருக்கும், அப்போதுதான் இனிப்பும் ஏறும். பஞ்சாமிர்தம் நாள்பட நிற்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முருகனும் ஜி-9க்குப் பழகிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களோ என்னவோ!

அது கிடக்கட்டும். இந்த மலையிலேயே தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. சோதிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கீழ்ப்பழனியில் நடவு சித்திரை, வைகாசியில். மார்கழிப் பனியில் கன்று இறக்கிவிட்டு இலக்கை முடித்துவிட்டோம் என்று கணக்கு எழுதாதீர்கள்.

இறக்கிய ஜி-9ஐ அதற்கு மனுக் கொடுத்த சமவெளிக்காரர்களுக்கு அனுப்பிவிடுங்கள். சோதனைச் சான்றோடு விருப்பாச்சிக் கன்று எப்போது வரும் என்று தயவுசெய்து ஒரு வரி எழுதித் தாருங்கள். குழியெடுத்து எரு போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலை விவசாயி ஒருவன்