சீல் மாத்தி மாத்தியும் ஒயில் நிக்கேல்லை, பிழை புஷ்ஷில

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில ராசிபலனுக்கு நாள் தவறாமல் இடம் இருக்கு, பழைய வாகனத்தோட மாரடிக்கிற எங்களுக்கும் கிழமைக்கு ஒருக்கா ஒரு மூலை தரக்கூடாதோ எண்டு கேக்கத்தான் இதை எழுதிறன்.

என்னட்டை 1984ஆம் ஆண்டு கொரோலா டிஎக்ஸ் வாகன் ஒண்டு நிக்குது. 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில திரும்ப விட்டவைதான், ஆனா வரியோட வாற விலையைக் கேட்டால் தலை சுத்துது, அதால இதைத்தான் உருட்டிக்கொண்டு திரியிறன். போன வருசம் கியர்பொக்ஸுக்குப் பின்பக்கமா வளவு மண்ணில ஒயில் சொட்டத் தொடங்கிச்சுது. கராச்சில விட்டன், ஒயில் வெளிய வராமல் பிடிக்கிற ரப்பர் வளையம், அந்தப் பின் சீல், அதை மாத்திக் குடுத்தவை, ரெண்டு மாசம் நிண்டுது, பிறகும் சொட்டு, பிறகும் சீல், மூண்டாந்தரம் போக "அண்ணை இது கியர்பொக்ஸோட மாத்தவேணும், கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையளில எடுப்பிக்கலாம்" எண்டினம். எனக்கு மனம் ஒப்பேல்லை.

வீட்டை வந்து கீழ பூந்து, பின் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோற நீளத் தண்டு, அதுதான் புறொப்பெல்லர் ஷாப்ட், அதின்ர முன்தலை கியர்பொக்ஸ் வாலுக்குள்ள போற இடத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினன், லொடக் லொடக் எண்டு ஆடுது! அந்த வாலுக்குள்ள மோதிரம் மாதிரி ஒரு புஷ் இருக்கு, ஷாப்ட் அதுக்குள்ளதான் சுத்துறதும் முன்னுக்குப் பின்னுக்கு வழுக்கிறதும். அது தேஞ்சால் ஷாப்ட் ஆடும், ஷாப்ட் ஆடினால் சீலின்ர ரப்பர் விளிம்பு எப்பிடி ஒயிலைப் பிடிச்சு வைக்கும், புதுசு போட்டாலும் கதை அதுதான். ஒயில் குறையக் குறைய புஷ் இன்னும் தேயும். ஆட்டிப் பாக்க அரை நிமிசம் காணும், மூண்டு தரத்திலயும் ஒருத்தரும் ஆட்டிப் பாக்கேல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மருமோனுமா வேலையைத் தொடங்கினம். முன் சில்லுக்கு பனங்குத்தி அண்டக் குடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ரெண்டு பக்கமும் ஸ்ராண்ட் வச்சனாங்கள். வெறும் ஜக்கை நம்பி ஒருத்தரும் கீழ போகாதேங்கோ, கல்லு அடுக்கிறதும் வேண்டாம். பின்பக்கம் உயர நிண்டால் ஒயிலும் முன்னுக்கு ஓடிரும், அவ்வளவா ஊத்தாது. பின் அச்சு நடுவில இருக்கிற டிபரன்சல் பக்கம், ஷாப்டை நட்டுப் போட்டுப் பூட்டுற தட்டில (பிளேஞ்ச்) பெயின்ற்றால ஒரு கோடு போட்டனாங்கள், அதே கோட்டில திரும்பப் பூட்டாட்டி ஓடேக்க அதிர்வு வரலாம். நாலு நட்டையும் கழட்டி ஷாப்டைப் பின்னால இழுக்க வந்திட்டுது.

புஷ்ஷைக் கழட்டிறதுதான் சண்டை. உளி வச்சு அடிச்சால் அலுமினிய வால் கீறுப்பட்டுப் போகும், அதால லேத்தில தெரிஞ்ச பெடியனைக் கொண்டு உள்விளிம்பில கொழுவி இழுக்கிற மாதிரி ஒரு புல்லரும், புதுசை நேர அடிச்சு இறக்க ஒரு படிவச்ச கட்டையும் கடைஞ்சு எடுத்தனான். புதுப் புஷ்ஷை இரவு முழுக்க பிரிஜ்ஜில ஐஸ் பெட்டிக்குள்ள வச்சால் ஒரு துளி சுருங்கும் (மனிசி மீனுக்குப் பக்கத்தில இதென்ன எண்டு கேட்டவ). எல்லாத்தையும் விட முக்கியம், புஷ்ஷில இருக்கிற ஒயில் ஓட்டை வாலுக்குள்ள இருக்கிற வாய்க்காலோட நேரா வரவேணும், மாறி இறக்கினால் புஷ் காஞ்சு கெதியா தேஞ்சிரும். ஷாப்ட் முன்தலையையும் நகத்தால தடவிப் பாருங்கோ, நகம் தடக்கிற குழி இருந்தால் அதையும் பாக்கவேணும், இல்லாட்டி புதுச் சீலும் வீண். எனக்கு நல்லகாலம் வழுவழுப்பா இருந்தது. பிறகு சீல், ஷாப்ட், கடைசியா காரை மட்டமா நிப்பாட்டி நிரப்புற ஓட்டை விளிம்பு மட்டும் கியர் ஒயில்.

முன் சில்லு இழுக்கிற இப்பத்தைய சின்னக் கார்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. பின் சில்லால ஓடுற ஹையேஸ் வான், டிமோ பட்டா எண்ட சின்ன லொறி வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா ஷாப்டை ஆட்டிப் பாருங்கோ. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஊர் இது, ஒரு புஷ்ஷுக்காக முழுக் கியர்பொக்ஸை வாங்கலாமோ? கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி மாதிரி இடங்களில படிச்ச ஆக்களை எழுதச் சொல்லிக் கேளுங்கோ, என்னை விட வடிவா எழுதுவினம்.

இப்ப ஆறு மாசம். கார் நிக்கிற இடத்தில மட்டை ஒண்டு விரிச்சு வச்சிருக்கிறன், காலமையில முதல் வேலை அதைப் பாக்கிறதுதான், இண்டைக்கும் காஞ்சபடிதான் கிடக்குது.

இப்படிக்கு,
கோண்டாவிலிலயிருந்து ஒரு வாசகன்